சொல்லிவிட்டு வைக்கும் கை: வடசென்னை மார்பகப் பரிசோதனை அறையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

வடசென்னையில் குறைந்த கட்டணத்தில் மார்பகப் பரிசோதனை செய்யும் ஒரு சிறு மையத்தில் நான் செவிலியராகப் பணிபுரிகிறேன். மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்க வரும் பெண்களைப் பதிவு செய்வது, உள்ளே அனுப்புவது, அறிக்கை வந்தபின் தொலைபேசியில் அழைத்துச் சொல்வது ஆகியவை என் பொறுப்பு. கீழே விவரிக்கும் நிகழ்வில் நேர்ந்த தவறுகளில் ஒன்று என்னுடையது. ஆகவே விலகி நின்று பார்த்த ஒருவரைப் போல இதை என்னால் எழுத முடியாது. சம்பந்தப்பட்டவரின் சம்மதத்துடன் எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

அவருக்கு வயது 47. தண்டையார்பேட்டையில் வாடகை வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டு அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவர். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக் கடைகளுக்கு நைட்டியும் உருப்படிக் கணக்கில் தைத்துத் தருவார். கணவர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். மாமியாருக்குச் சர்க்கரை நோய். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது.

எங்களிடம் வந்தபோது அவருக்கு வலியோ கட்டியோ கிடையாது. தெருவில் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்ததைக் கேள்விப்பட்டு, நாமும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று வந்தவர். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. உடம்பில் உபாதையோடு ஆஸ்பத்திரிக்கு வருபவர், எப்படி நடத்தப்பட்டாலும் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி வந்தே தீர வேண்டும். ஸ்கிரீனிங்குக்கு வருபவர் நலமாக இருக்கிறார்; தானாக முடிவெடுத்து, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார். மறுபடி வராமல் இருந்தாலும் மறுநாள் காலை அவருக்கு எதுவும் ஆகிவிடாது. அவர் திரும்பி வருவாரா என்பது பெரும்பாலும் அந்த அறையில் அவருக்கு நேரும் பத்து நிமிடங்களைப் பொறுத்தது.

நம் நாட்டில் இந்தப் பரிசோதனைக்கு வருபவர்களே மிகக் குறைவு. 2019-21 இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், 30 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் ஒருமுறையாவது மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டதாகச் சொன்னவர்கள் 0.9 சதவீதம்தான். தமிழ்நாட்டின் நிலை இதைவிட மேல் என்றாலும் பத்தில் ஒருவர் என்ற அளவைக்கூட அது தொடவில்லை. ஆனால் 2022 ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாகவும், ஏறத்தாழ 98,000 பேர் அதனால் இறந்ததாகவும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டிருக்கிறது. இந்த நிலையில் ஒரு பெண் தானாக வந்து வாசலில் நிற்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அன்று நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

முதல் வருகை

அன்று காலை பதினொரு மணிக்குள் பத்தொன்பது பெண்கள் வந்து காத்திருந்தார்கள். ஒரே இயந்திரம், ஒரே டெக்னீஷியன். அவர் கெட்டிக்காரர், கடினமான உழைப்பாளி. காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவும் நேரமில்லாமல் நின்றுகொண்டிருந்தார். அவர்மேல் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை.

தையல்காரர் குளித்து முடித்து, கழுத்திலும் அக்குளிலும் பவுடர் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சுத்தபத்தமாகப் போக வேண்டும் என்று நம் பெண்கள் நினைப்பது இயல்புதான். அந்தத் துகள் படத்தில் வெள்ளைப் புள்ளிகளாக விழுந்து, சில புற்றுநோய்களில் காணப்படும் சுண்ணாம்புப் படிவு போலத் தோன்றக்கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள். சொல்லவில்லை. “பவுடர் போட்டுட்டு வரக்கூடாதுன்னு தெரியாதாம்மா?” என்று அறைக்குள் கேட்டார்கள். பஞ்சால் அவசரமாக ஒரு துடைப்பு. மாதவிலக்குத் தேதியையும் யாரும் கேட்கவில்லை. அதற்கு இரண்டு நாள்தான் இருந்தது. மார்பகம் கனத்து, தொட்டாலே வலிக்கும் நாட்கள். விலக்கு முடிந்த மறுவாரம் வரச் சொல்லியிருந்தால் வலி குறைந்திருக்கலாம்.

பிறகு, கழுத்தில் இருப்பதையெல்லாம் கழற்றி டிரேயில் வைக்கச் சொன்னார்கள். செயினைக் கழற்றி வைத்தார். தாலியை வைக்கத் தயங்கினார். இரண்டாம் முறை குரல் உயர்ந்ததும் அதையும் கழற்றினார். டிரேயில் பயன்படுத்திய கையுறை ஒன்று கிடந்தது. அதன் பக்கத்தில் தாலியை வைக்க மனம் வராமல், வலது உள்ளங்கையில் வைத்து இறுக மூடிக்கொண்டார்.

அந்த மூடிய கைதான் இந்த நிகழ்வின் மையம். மேமோகிராமில் ஒவ்வொரு மார்பகத்தையும் இரண்டு தகடுகளுக்கு இடையே அழுத்தி, மேலிருந்து ஒன்று, சாய்கோணத்தில் ஒன்று என மொத்தம் நான்கு படங்கள் எடுக்கிறோம். சாய்கோணப் படத்துக்கு அந்தப் பக்கத்துக் கை இயந்திரத்தின் கைப்பிடிமேல் தளர்ந்து கிடக்க வேண்டும். தோள் தளர்ந்தால் மார்புத் தசை தளரும்; தசை தளர்ந்தால்தான் ஆழத்திலுள்ள திசுவை முன்னால் இழுத்துப் படத்துக்குள் கொண்டுவர முடியும். மார்புத் தசை முலைக்காம்பின் மட்டம் வரை படத்தில் இறங்கி வந்திருக்கிறதா என்பதை வைத்தே படத்தின் தரத்தை மருத்துவர்கள் மதிப்பிடுகிறார்கள். கையில் தாலியை இறுக்கிப் பிடித்திருக்கும் ஒரு பெண்ணின் தோள் எப்படித் தளரும்?

இதற்கிடையில் ஃபைல் கேட்டு யாரோ கதவைத் திறந்தார்கள். வெளியே வராந்தாவில் ஆண் குரல் கேட்டது. அவர் சட்டென்று கையை மார்பின் குறுக்கே கொண்டுவந்துவிட்டார்; படத்துக்கு நிறுத்தியிருந்த நிலை கலைந்தது. மறுபடி நிறுத்தி அழுத்தியபோது வலி தாங்காமல் முனகினார். “இதுக்கே இப்படின்னா எப்படிம்மா? புள்ளை பெத்தவங்கதானே நீங்க?” என்றது பதில். இந்தக் கேள்வியை நம் ஆஸ்பத்திரிகளில் கேட்காத பெண் கிடையாது. பிள்ளை பெற்றவளுக்கு அது ஓர் அவமானம். பெறாதவளுக்கு அது வேறொரு காயம். வலி என்று சொன்னவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது இல்லவே இல்லை.

எட்டு நிமிடங்களில் வெளியே வந்துவிட்டார். அப்போது நான் பார்த்தது ஒன்று உண்டு. அவர் ஜாக்கெட்டில் கொக்கி ஒன்று தள்ளி மாட்டியிருந்தது. கடைசிக் கொக்கிக்கு வளையமே இல்லாமல் துணி துருத்திக்கொண்டிருந்தது. நாள் முழுக்கக் கொக்கி தைக்கிறவர். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, ரசீதைக் கையில் வாங்காமலே இறங்கிப் போனார். நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

தொலைபேசி அழைப்பு

மூன்றாம் நாள் அறிக்கை வந்தது. வலது பக்கச் சாய்கோணப் படம் கலங்கியிருந்தது. தசை போதிய அளவு விழவில்லை. அக்குள் பகுதியில் நுண்ணிய வெள்ளைப் புள்ளிகள். இடது பக்கத்தில் உருண்டையான ஒரு நிழல். எதையும் முடிவாகச் சொல்ல முடியாததால், மறுபடி படம் எடுத்து ஸ்கேனும் செய்ய வேண்டும் என்று மருத்துவர் எழுதியிருந்தார். இப்படித் திரும்ப அழைக்கப்படும் பெண்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. எனக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் நான் தொலைபேசியில் சொன்னது இதுதான்: “ரிப்போர்ட்ல ஒண்ணு தெரியுது. டாக்டர் மறுபடி வரச் சொல்றார். வரும்போது வீட்ல இருந்து யாரையாவது கூட்டிட்டு வாங்க.”

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. தையல் மெஷின் ஓடும் சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது. வேறு யாரோ தைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். பிறகு கேட்டார்: “சிஸ்டர், அடையாறுக்குப் போவணுமா?”

வடசென்னையில் அடையாறு என்பது ஊரின் பெயராக மட்டும் ஒலிப்பதில்லை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954 இல் அங்கே தொடங்கப்பட்ட புற்றுநோய் மருத்துவமனை எத்தனையோ ஆயிரம் பேருக்கு உயிர் கொடுத்திருக்கிறது. ஆயினும் எங்கள் தெருக்களில் “அடையாறுக்கு அனுப்பிட்டாங்களாம்” என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால், அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. அவர் கேட்டது அந்தக் கேள்வியைத்தான். “அதெல்லாம் டாக்டர்தான் சொல்லணும்மா” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். விதிப்படி நான் சொன்னதில் பிழை ஏதும் இல்லை. மருத்துவர் சொல்ல வேண்டியதை நான் சொல்லக் கூடாது. ஆனால் படம் சரியாக விழவில்லை என்பதை, துகளாக இருக்கலாம் என்பதை, அழைக்கப்படுகிறவர்களில் பெரும்பாலோர் நலமாகத் திரும்பிப் போகிறார்கள் என்பதை நான் சொல்லியிருக்கலாம். அவற்றைச் சொல்ல எனக்கு யாருடைய அனுமதியும் தேவைப்பட்டிருக்காது.

ஏழு மாதங்கள்

அவர் வரவில்லை. இரண்டு முறை அழைத்தேன், எடுக்கவில்லை. பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று எழுதினேன். அந்த ஏழு மாதங்களும் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். கணவரிடம் சொல்லவில்லை. மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். தாய்க்குப் புற்றுநோய் என்று தெரிந்தால், ‘நாளைக்குப் பெண்ணுக்கும் வருமோ’ என்று பேச்சு எழுந்து சம்பந்தம் முறிந்துவிடும் என்ற அச்சம். இரவில் எல்லோரும் தூங்கியபின் தடவிப் பார்த்துக்கொள்வாராம். கல்யாணச் செலவுக்கு என்று ராத்திரி பகலாகத் தைத்திருக்கிறார். தான் இல்லாமல் போனால் பீரோவில் எது எங்கே இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதியும் வைத்திருந்தார்.

ஒன்றை மட்டும் அவர் மறைக்கவில்லை. அளவு கொடுக்க வந்த பெண்களிடம் பரிசோதனை அறையில் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். தையல்காரர் வீட்டு முன்னறை என்பது ஒரு தெருவின் செய்தி முழுக்க வந்து சேரும் இடம். தாலியைக் கழற்றச் சொன்னார்கள், கதவைத் திறந்து வைத்தார்கள், வலிக்கிறது என்றதற்குத் திட்டினார்கள் என்ற சொல் அங்கிருந்து புறப்பட்டால் எத்தனை வீட்டு வாசலில் போய் நிற்கும் என்று கணக்கிட எங்களிடம் பதிவேடு கிடையாது.

அவரைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர் ஒருவர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில், மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை கொடுக்க மாதந்தோறும் அந்த வீட்டுக்குப் போகிறவர். ஒருநாள் மருமகளின் முகத்தைப் பார்த்து, “யக்கா, உனக்கு இன்னா?” என்று கேட்டிருக்கிறார். ஏழு மாதத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

இரண்டாம் வருகை

இம்முறை விலக்கு முடிந்து ஐந்தாம் நாளில் வரச் சொன்னோம். கூட்டம் குறைந்த பிற்பகல் நேரம். முதலில் உட்கார வைத்து, அவர் பேச விட்டோம்; இதுவரை நான் எழுதியவற்றில் பெரும்பகுதி அப்போது அவர் சொன்னதுதான். அதே டெக்னீஷியன்தான் எதிரில் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அன்னைக்கு நான் பேசினது தப்பும்மா” என்றார். தையல்காரர் அதற்குச் சொன்ன பதிலை நான் அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்: “நான் ஒரு பொம்பளைக்கு ஜாக்கெட் அளவு எடுக்கும்போதே, ‘இங்க வெக்கிறேன்மா’ன்னு சொல்லிட்டுத்தான் டேப்பை வெப்பேன் சிஸ்டர். சொல்லாம வெச்சா உடம்பு சுருங்கிக்கும். அளவு தப்பிப் போயிடும்.”

பயிற்சி வகுப்புகளில் எங்களுக்கு நோயாளியிடம் கனிவாக இருக்கச் சொல்லித் தந்திருக்கிறார்கள். கனிவு இல்லாவிட்டால் அளவு தப்பிப்போகும் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை.

கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டோம். (அது முதலிலிருந்தே இருந்தது; யாரும் போடுவதில்லை.) தாலியைக் கழற்றச் சொல்லாமல், கொடியை முதுகுப்புறம் தள்ளி ஒரு பிளாஸ்திரியால் ஒட்டினோம், படத்தில் அது விழவே இல்லை. ஈரத்துணியைக் கையில் கொடுத்து, அக்குளை அவரே துடைத்துக்கொள்ளச் சொன்னோம். பருத்தி மேல்துணியால் போர்த்தி, எடுக்கும் பக்கத்தை மட்டும் விலக்கினோம். தகட்டை இறக்கும் முன் டெக்னீஷியன் ஒவ்வொன்றையும் சொன்னார்: இப்போது தோளைத் தொடுகிறேன், இப்போது அழுத்தும், பத்து எண்ணுவதற்குள் விட்டுவிடும், தாங்கவில்லை என்றால் ‘போதும்’ என்று சொல்லுங்கள், நிறுத்திவிடுகிறேன். ஏன் அழுத்த வேண்டும் என்பதையும் விளக்கினார். ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த திசுக்கள் விரியும், படம் கலங்காது, கதிர்வீச்சும் குறைவாகப் போதும் என்றார். தையல்காரர் தலையசைத்து, “துணியை விரிச்சுப் போட்டாத்தானே நெசவுல பிசகு தெரியும்” என்றார். அதன்பின் அந்த அறையில் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. கைப்பிடிமேல் கிடந்த அவர் வலது கை விரிந்திருந்தது. வலித்ததா என்று பின்னர் கேட்டேன். வலித்தது, ஆனால் பயமாக இல்லை என்றார்.

வலது பக்கத்து வெள்ளைப் புள்ளிகள் இம்முறை இல்லை. அவை பவுடர் துகள்கள். தசை முழுதாக விழுந்திருந்தது. இடது பக்கத்து நிழல் ஸ்கேனில் சாதாரண நீர்க்கட்டி என்று தெரிந்தது. அதற்கு ஊசிப் பரிசோதனைகூட வேண்டியிருக்கவில்லை. முடிவை அன்றே, அவர் உடை மாற்றி உட்கார்ந்தபின், மருத்துவர் நேரில் சொன்னார். அவர் அழவில்லை. பீரோவைப் பற்றி எழுதி வைத்த நோட்டை என்ன செய்வது என்று கேட்டார்.

ஆராய்ந்து பார்த்தால்

நீர்க்கட்டிதானே, அவருக்கு இழப்பு ஒன்றும் இல்லையே என்று சக ஊழியர் ஒருவர் சொன்னார். இதை நான் ஏற்கவில்லை. ஒருவேளை புற்றுநோயாக இருந்திருந்தால் என்று யோசிக்கவும் வேண்டியதில்லை, நடந்ததே போதும். முதல் நாளில் எடுத்த படம் பயன்படாமல் போனது. ஒரு பெண் ஏழு மாதம் தன் சாவுக்குத் தயாரானார். இரண்டுக்கும் காரணம், அதிகம் போனால் ஏழெட்டு நிமிடங்களை மிச்சப்படுத்தியதுதான். இரண்டாம் முறை பரிசோதனை அறையில் நாங்கள் செலவிட்டது பதினாறு நிமிடங்கள்.

பரிசோதனைக்கு முன் என்ன நடக்கப்போகிறது என்பதை வாயாலோ எழுத்தாலோ விளக்குவதும், அழுத்தத்தின் அளவில் பெண்ணுக்கே ஓரளவு கட்டுப்பாடு தருவதும் மேமோகிராமின் வலியைக் குறைக்கின்றன என்று இதுபற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். முன்கூட்டியே பாராசிட்டமால் கொடுத்துப் பார்த்ததில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. மாத்திரை செய்யாததைச் சொல் செய்கிறது என்பது எனக்கு முதலில் வியப்பாக இருந்தது. அளவு எடுப்பதைப் பற்றித் தையல்காரர் சொன்னதைக் கேட்டபின் வியப்பு போய்விட்டது.

இன்னொன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998 இல் தொடங்கிய ஆய்வில் 35 முதல் 64 வயது வரையுள்ள ஒன்றரை லட்சம் பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் ஒரு பாதியினரை, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என நான்கு சுற்று கையாலேயே பரிசோதித்தார்கள். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தபோது, 50 வயதைக் கடந்த பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. இளையவர்களிடம் அப்படிக் குறையவில்லை. விலை உயர்ந்த இயந்திரம் இல்லாமல் வெறும் கைக்குக் கிடைத்த பலன் இது. அந்தக் கை ஒரு பெண்ணின் உடம்பில் நான்கு முறை வைக்கப்பட வேண்டுமானால், முதல் முறை அது எப்படி வைக்கப்பட்டது என்பது முக்கியம். ஒரே ஒரு முறை வந்துபோகும் பெண்ணுக்கு இத்தகைய ஸ்கிரீனிங் திட்டம் முழுப் பலன் தராது.

கனிவு என்றதும் ‘அன்பாகப் பேசுங்கள்’ என்று சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். பத்தொன்பது பேர் காத்திருக்கும் காலையில் அந்தத் தாளைப் படிக்க யாருக்கும் நேரமில்லை. மனசு இருந்தால் மட்டும் போதாது, ஏற்பாடும் வேண்டும் என்பது என் கருத்து. ஒரு மணி நேரத்துக்கு நான்கு பேருக்குமேல் பதிவு செய்வதில்லை என்று இப்போது முடிவெடுத்திருக்கிறோம். முன்பதிவின்போதே விலக்குத் தேதியைக் கேட்கிறோம், பவுடர் வேண்டாம் என்று காரணத்தோடு சொல்கிறோம். ராயபுரம், மண்ணடிப் பக்கத்திலிருந்து புர்கா அணிந்து வருபவர்கள் கேட்கும் முன்பே, உள்ளே பெண்கள் மட்டும்தான் இருப்பார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறோம். திரும்ப அழைக்கும்போது நான் பேச வேண்டியதை எழுதி மேசைமேல் வைத்திருக்கிறேன். அதில் ‘ஒண்ணும் இருக்காது’ என்ற சொல் இல்லை. அது ஆறுதல் போலத் தோன்றும். பொய்யாகிவிட்டால் அந்தப் பெண் அதன்பின் எங்களை எதற்கும் நம்பமாட்டார். எதற்காக அழைக்கிறோம், என்ன செய்வோம், எவ்வளவு நேரமாகும், முடிவு எப்போது தெரியும் என்பவை மட்டும்தான் அதில் இருக்கின்றன. துணைக்கு ஆள் வந்தால் நல்லது, தனியாக வந்தாலும் நாங்கள் இருக்கிறோம் என்ற வரி கடைசியில் இருக்கிறது.

பிற்சேர்க்கை

இரண்டாம் வருகைக்கு ஆறு வாரம் கழித்துத் தையல்காரர் தன் தெருவிலிருந்து நான்கு பெண்களை அழைத்து வந்தார். மூவருக்குப் பிரச்சினை எதுவும் இல்லை. நான்காமவருக்கு வயது 46. காலடிப்பேட்டை மார்க்கெட்டில் காய்கறி விற்பவர். இடது மார்பகத்தில் கட்டி இருப்பது அவருக்கே எட்டு மாதமாகத் தெரியும். காட்டலாம் என்று கிளம்பிய வாரத்தில்தான் ஜாக்கெட் வாங்கப் போய், பரிசோதனை அறைக் கதையைக் கேட்டிருக்கிறார். “அங்க போவாதன்னு நான்தான் சிஸ்டர் சொன்னேன்” என்று தையல்காரர் என்னிடம் சொன்னபோதுதான் முதல்முறையாக அழுதார். அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்திருக்கலாம். அதைக் கொடுத்தனுப்பியது நாங்கள்.

கட்டி 3 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தது. அக்குளில் ஒரு நிணநீர்க் கணுவும் வீங்கியிருந்தது. நோயின் அறிகுறியோடு ஒரு பெண் முதன்முதலில் வரும் நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் இன்னதென்று உறுதிப்பட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த இலக்கு. இவருக்கு நாங்கள் பதினோரு நாளில் முடித்தோம். ஆனால் அந்தக் கணக்கில், வாசல்வரை வராமல் போன எட்டு மாதம் சேராது.

அரசு மருத்துவமனையில் அவருக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது. கீமோ இன்னும் இரண்டு முறை பாக்கி; அதன்பின் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு கொஞ்ச காலம் கையை மேலே தூக்க முடியாது என்பதால், கொக்கி இல்லாமல் முன்பக்கம் நாடாவால் முடிச்சிடும் தளர்ந்த ஜாக்கெட்டுகள் இரண்டைத் தையல்காரர் அவருக்குத் தைத்து வைத்திருக்கிறார்.